மணி அடிக்கும் முன்பே தொடங்கும் வேலை

பணி ஆணை வாங்கி, கலந்தாய்வில் ஊரைத் தேர்ந்தெடுத்து, முதன்முதலாக ஒரு வகுப்புக்குள் காலெடுத்து வைக்கப்போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பி.எட்.டிலும் ஆசிரியர் பட்டயப் படிப்பிலும் பாடக்குறிப்பு எழுதச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேசும்போது என்ன செய்வது என்று அங்கே யாரும் உட்கார வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். என் பணிக்காலம் முழுவதும் அரசு நடுநிலைப் பள்ளிகளில் கழிந்தது. அதனால் சொல்வதெல்லாம் அந்த வகுப்பறைகளை மனதில் வைத்துத்தான்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் பல வகுப்பறைகளை வீடியோவில் பதிவு செய்து பார்த்தார். அவருடைய நூல் 1970இல் வந்தது. நன்றாக நடக்கும் வகுப்பையும் குழம்பிக் கிடக்கும் வகுப்பையும் அவர் ஒப்பிட்டார். பிள்ளை தப்பு செய்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டித்தார் என்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தப்பு நடப்பதற்கு முன்னால் ஆசிரியர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதில்தான் வித்தியாசம் இருந்தது. எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு இழுபறி இல்லாமல் போவது, ஒருவனோடு பேசும்போதே மற்றவர்கள்மேலும் கண் வைத்திருப்பது போன்றவை அவை. ஊருக்கு ஊர் நான் பார்த்த நல்ல ஆசிரியர்கள் எல்லாரும் இதைத்தான் செய்தார்கள்.

1. முதல் வாரத்திலேயே பெயர்களைப் படித்துவிடுங்கள். வருகைப் பதிவேட்டை முந்தின நாளே வாங்கிப் பார்த்துவிடுங்கள். ஒரே வகுப்பில் மூன்று ஹரிணி இருப்பார்கள். இனிஷியலோடு பழகிக்கொள்ளுங்கள். "ஏய், கடைசி பெஞ்சு", "டேய், பச்சை பேக்" என்று கூப்பிட்டால் யாரைச் சொல்கிறீர்கள் என்று பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பத்துப் பேரும் அதுவரை படித்துக்கொண்டிருந்தவர்கள். பிள்ளைகள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் பட்டப்பெயரை நீங்கள் ஒரு தடவைகூடச் சொல்லக் கூடாது. சொன்னால் அது ஆசிரியரே வைத்த பெயராகிவிடும். எட்டாம் வகுப்பு முடிந்து போகும்வரை அந்தப் பிள்ளையை விடாது.

இப்போது வருகையைக் கைபேசிச் செயலியில் ஏற்ற வேண்டியிருக்கிறது. நெட்வொர்க் கிடைக்காமல் ஆசிரியர் ஜன்னலோரம் குனிந்தபடி நிற்க, பின்னால் வகுப்பு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பதைப் பல பள்ளிகளில் பார்க்கிறேன். முதலில் ஒவ்வொரு பெயராகச் சொல்லி, முகத்தைப் பார்த்து வருகை எடுங்கள். பிள்ளைகளுக்கு எழுத வேலை கொடுத்த பிறகு செயலியைத் திறங்கள்.

2. பிள்ளைகள் உட்கார்வதற்கு முன்பே போர்டில் வேலை இருக்கட்டும். நடுநிலை வகுப்புகளில் ஆசிரியர்தான் அறைக்கு அறை மாறுகிறார். ஒருவர் வெளியே போய் இன்னொருவர் உள்ளே வரும் அந்த மூன்று நான்கு நிமிடத்தில்தான் பாதிச் சண்டை மூள்கிறது. அதற்கு ஒரு சின்ன ஏற்பாடு போதும். முந்தின பாட ஆசிரியரிடம் பேசி வைத்துக்கொண்டு, போர்டின் வலது ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு ஒதுக்குங்கள். காலையிலேயே அதில் உங்கள் பாடத்தின் இரண்டு கணக்கையோ ஐந்து சொற்களையோ எழுதி வைத்துவிடலாம். மணி அடித்ததும் நோட்டை எடுத்து அதைச் செய்யத் தொடங்க வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டால், நீங்கள் வாசலில் கால் வைக்கும்போது வகுப்பு ஏற்கெனவே வேலையில் இருக்கும். அந்தக் கணக்குகள் எளிதாக, நேற்றுப் படித்ததிலிருந்து இருக்கட்டும். தொடக்கத்திலேயே கடினமானதைக் கொடுத்தால் முடியாதவன் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளத் தொடங்குவான்.

3. விதிகளைக் குறைத்துப் பழக்கங்களைக் கூட்டுங்கள். சார்ட் பேப்பரில் இருபது விதி எழுதிச் சுவரில் ஒட்டிய வகுப்புகள் உண்டு. அதை எழுதியவரைத் தவிர வேறு யாரும் படிப்பதில்லை. நான்கு போதும். அதையும் பிள்ளைகளோடு பேசி எழுதுங்கள். "பேசாதே" என்பதைவிட "ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்போம்" என்று எழுதினால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

விதியைச் சொல்லிவிட்டால் மட்டும் போதாது, பழக்க வேண்டும். நோட்டுத் திரட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். "எல்லாரும் நோட்டக் கொண்டாந்து வைங்க" என்று சொல்லிப் பாருங்கள்: நாற்பது பேரும் ஒரே நேரத்தில் எழுந்து வருவார்கள், மேசையில் அடுக்கு சரியும், ஒருத்தி கால் மிதிபடும், "சார், இவன் தள்றான் சார்" வரும். இரண்டு வரி நோட்டும் நான்கு வரி நோட்டும் கலந்து, பிரிக்கவே பத்து நிமிடம் போகும். அதற்குப் பதில் முதல் வாரத்திலேயே ஒரு முறையைச் சொல்லிக் கொடுங்கள். எல்லாரும் திருத்த வேண்டிய பக்கத்தைத் திறந்து வைக்க வேண்டும். கடைசி பெஞ்சில் இருப்பவர் தன் நோட்டைத் திறந்தபடியே முன் பெஞ்சுக்குக் கொடுக்க வேண்டும். அவர் தன்னுடையதை அதன்மேல் வைத்து அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். முதல் பெஞ்சுக்கு வந்ததும் அந்த வரிசைக்கு ஒருவர் மட்டும் எழுந்து மேசையில் வைக்க வேண்டும். இதை நான்கைந்து நாள், பாடம் நடத்துவதுபோலவே, செய்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு நிமிடம்கூட ஆகாது. திறந்த பக்கத்தோடு வருவதால் திருத்துவதும் எளிது. தண்ணீர் குடிக்கப் போவது, கழிப்பறைக்குக் கேட்பது, பென்சில் சீவுவது, சாப்பாட்டுத் தட்டோடு வரிசையில் நிற்பது என ஒவ்வொன்றையும் இப்படிப் பழக்கிவிட்டால் நாளெல்லாம் உத்தரவு போடும் வேலை குறைந்துவிடும். ஜூனில் இதற்குச் செலவாகும் வாரம் வீண் என்று நினைக்காதீர்கள்.

4. வகுப்பின் கவனத்தைத் திருப்ப ஒரே ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கை உயர்த்துவதாக இருக்கலாம், தாளத்தோடு மூன்று கைதட்டாக இருக்கலாம். நீங்கள் தட்டினால் அவர்கள் பதிலுக்குத் தட்டிவிட்டு நிறுத்துவார்கள். ஸ்கேலால் மேசையைத் தட்டுவதும் "சைலன்ஸ்" என்று கத்துவதும் வேண்டாம். கத்தினால் அதையும் மீறிப் பேசப் பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள். மாலையில் உங்கள் தொண்டைதான் கட்டிப்போகும். தொண்டைப் புண்ணோடு ஓய்வு பெற்றவர்களை எனக்குத் தெரியும். அடையாளம் காட்டிய பிறகு கடைசிப் பிள்ளையும் பேச்சை நிறுத்தும்வரை காத்திருங்கள். முக்கால்வாசிப் பேர் அமைதியானதும் பேசத் தொடங்கிவிட்டால், மீதிப் பேர் பேசிக்கொண்டே இருக்கலாம் என்று அர்த்தமாகிவிடும்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவருடைய முறையில் ‘மௌன விளையாட்டு’ என்று ஒன்று உண்டு. பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்து சுற்றிலும் கேட்கும் ஒலிகளைக் கவனிக்க வேண்டும். பிறகு ஆசிரியர் மெல்லிய குரலில் ஒவ்வொரு பெயராக அழைக்க, அழைத்தவர் சத்தமில்லாமல் எழுந்து வர வேண்டும். ஒன்றாம் இரண்டாம் வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். மௌனத்தைத் தண்டனையாக மட்டுமே அறிந்த பிள்ளைகள் அதை ஆசையோடு கேட்டு விளையாடுவார்கள்.

5. நாற்காலியில் அதிகம் உட்காராதீர்கள். போர்டில் எழுதும்போது முழு முதுகையும் காட்டாமல் பக்கவாட்டில் நின்று எழுதப் பழகுங்கள். பெஞ்சுகளுக்கு நடுவே நீங்கள் போகும் வழியில் பைகள் கிடக்கக் கூடாது. பாடம் சொல்லிக்கொண்டே கடைசி வரிசை வரைக்கும் போய்த் திரும்புங்கள். இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் பாடத்தை நிறுத்தாமல் அவர்கள் பக்கத்தில் போய் நின்று இன்னும் இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். பேச்சை நிறுத்த நீங்கள் பாடத்தை நிறுத்தினால், இரண்டு பேர் கெடுத்ததை நாற்பது பேருக்கும் சேர்த்து நீங்களே கெடுத்தவர் ஆவீர்கள்.

6. ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் சொல்லுங்கள். "புக்கை எடுத்து முப்பத்திரண்டாம் பக்கம் திறந்து, இரண்டாவது பத்தியைப் படித்து, கடினமான சொற்களை அடிக்கோடிட்டு, அர்த்தம் எழுதுங்க" என்றால் பாதிப் பேர் பக்கத்தைத் தேடும்போதே மீதியை மறந்திருப்பார்கள். சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். "புரிஞ்சுது சார்" என்று கூட்டமாக ராகம் வரும். அதிலிருந்து உங்களுக்கு எதுவும் தெரியாது. ஒரு பிள்ளையைப் பார்த்து, "கவின், இப்ப என்ன செய்யணும்? சொல்லு" என்று கேளுங்கள்.

7. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் இதை ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்தார்கள். மூன்று நொடிக்குக் குறையாமல் காத்திருக்கப் பழக்கியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் வாய் திறந்தார்கள், "தெரியாது" என்பது குறைந்தது. மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். கேள்வியை முதலில் சொல்லுங்கள், பெயரைப் பிறகு சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் அந்த நொடியே யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். எல்லாப் பெயரையும் சிறு சீட்டுகளில் எழுதிக் காலியான சாக்பீஸ் டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு அதிலிருந்து எடுத்துக் கேளுங்கள். முதல் பெஞ்சு நான்கு பேரோடு மட்டும் பாடம் நடத்தும் வழக்கம் அதோடு போய்விடும்.

8. யாரை எங்கே உட்கார வைக்கிறீர்கள் என்பதை யோசித்துச் செய்யுங்கள். கண் சரியாகத் தெரியாதவர், காது மந்தமானவர், உயரம் குறைந்தவர் முன்னால் இருக்க வேண்டும். மதிப்பெண் வரிசையில் உட்கார வைப்பது கொடுமை. ‘இது மக்கு பெஞ்சு’ என்று பலகை மாட்டாத குறைதான். பேசும் பையனைத் தண்டனையாகப் பெண்பிள்ளைகள் நடுவே உட்கார வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பெண்ணருகே இருப்பது அவமானம் என்று அது இருவருக்கும் கற்றுக் கொடுக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரிசைகளை மாற்றுங்கள்.

இடத்தைப் பிள்ளைகள் விருப்பத்துக்கே விட்டுவிட்டால், பல ஊர்களில் தெரு பார்த்து, சாதி பார்த்து உட்கார்வார்கள். உங்கள் கண்ணுக்கு அது நட்பாகத் தெரியும். நாங்குநேரியில் 2023இல் ஒரு மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யவும், மாணவர்களை அகர வரிசையில் அமர வைக்கவும் பரிந்துரைத்தது. உங்கள் பள்ளியில் யாராவது சுற்றறிக்கை அனுப்பும்வரை காத்திருக்காதீர்கள். பெயர் வரிசையில் தொடங்குங்கள், பிறகு கண், காது, உயரம் பார்த்து மாற்றுங்கள். யார் எந்தத் தெரு என்று வகுப்பில் வாய்விட்டுக் கேட்காதீர்கள்.

‘ப’ வடிவ இருக்கை பற்றி 2025இல் பெரிய பேச்சு நடந்தது. இருபது பேர் இருக்கும் வகுப்பில், கலந்துரையாடும் பாடத்துக்கு அது நல்லது. இருபதுக்கு இருபது அடி அறையில் நாற்பத்தைந்து பேரை அப்படி உட்கார வைத்தால் இரண்டு பக்கத்தில் இருப்பவர்களும் நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பியபடி போர்டைப் பார்க்க வேண்டும். உங்கள் அறையைப் பார்த்து நீங்கள் முடிவு செய்யுங்கள்.

9. லீடரைப் போர்டில் பெயர் எழுத வைக்காதீர்கள். ‘பேசுபவர்கள்’ என்று தலைப்புப் போட்டு, கீழே பெயர்கள், பெயருக்கு எதிரே பெருக்கல் குறிகள்! நம் பள்ளிகள் எல்லாவற்றிலும் இருக்கும் பழக்கம் இது. லீடரின் நண்பன் பெயர் அதில் வராது. லீடருக்குப் பிடிக்காதவன் பெயருக்கு நான்கு பெருக்கல் குறி விழும். ஒரு பிள்ளையின் கையில் சாக்பீஸைக் கொடுத்து மற்றப் பிள்ளைகளைக் காட்டிக் கொடுக்கச் சொல்வது அந்த இரு தரப்புக்கும் கெடுதல்.

பிள்ளைகளிடம் பொறுப்புக் கொடுப்பது வேறு. அதற்குத் தமிழ்நாட்டிலேயே நீண்ட வரலாறு உண்டு. திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவன் இளையவர்களுக்கு மணலில் எழுத்துப் பழக்கினான். 1789 முதல் சென்னையில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து அதைத் தன் பள்ளியில் செய்தார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட, அங்கே அதற்குச் ‘சென்னை முறை’ என்றே பெயர் வந்தது. அந்த நல்ல பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி எழுத ஒருவர், நூலகப் புத்தகம் கொடுக்க ஒருவர், மின்விசிறி நிறுத்த ஒருவர், வராதவருக்கு வீட்டுப்பாடம் எழுதி வைக்க ஒருவர் என்று முடிந்தவரை எல்லாருக்கும் ஒரு வேலை கொடுத்து வாரா வாரம் மாற்றுங்கள். கூட்டுவது பெண்பிள்ளைகளுக்கு, மேசை தூக்குவது பையன்களுக்கு என்று பிரிக்காதீர்கள். கழிப்பறை கழுவும் வேலையை எந்தப் பிள்ளைக்கும், எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்கக் கூடாது.

10. கை ஓங்காதீர்கள். மத்தியச் சட்டம் வருவதற்கு முன்பே, 2003இல், தமிழ்நாடு கல்வி விதிகளில் திருத்தம் செய்து உடல் தண்டனை தடை செய்யப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 17இல் அடிப்பதையும் மனத்துன்பம் கொடுப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. முட்டி போட வைப்பது, வெயிலில் நிற்க வைப்பது, "உங்க அப்பன் எப்படியோ நீயும் அப்படித்தான்" என்பது எல்லாம் அதில் அடக்கம். "கண்ண மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் உரிச்சிடுங்க சார்" என்று பெற்றோரே வந்து சொல்வார்கள். அன்போடு மறுத்துவிடுங்கள். அடிக்குப் பயந்து உட்கார்ந்திருக்கும் வகுப்பில் சந்தேகம் கேட்க யாரும் கை தூக்க மாட்டார்கள். அப்புறம் யாருக்கு எது தெரியவில்லை என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? இம்போசிஷனும் வேண்டாம். எழுதுவதைத் தண்டனையாக்கிவிட்டு மறுநாள் "ஆசையாக் கட்டுரை எழுதுங்க" என்றால் எங்கே எழுதுவார்கள்?

11. அப்படியென்றால் தப்பு நடக்கும்போது என்ன செய்வது? ஏழாம் வகுப்பு, மதியம் முதல் பீரியட். நீங்கள் போர்டில் எழுதும்போது ஒரு சாக்பீஸ் துண்டு பறந்து வந்து முன் பெஞ்சில் விழுகிறது. சிரிப்பு. "யாருடா அது?" என்று கேட்காதீர்கள். யாரும் சொல்ல மாட்டார்கள். ஒருவன் சொன்னால் அவனுக்கு வெளியே அடி விழும். எழுதிய வரியை முடித்துவிட்டுத் திரும்பி வகுப்பை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். எறிந்தவன் யார் என்று முகங்களே சொல்லிவிடும். எல்லாரும் அவனையோ அல்லது அவனைத் தவிர்த்தோ பார்ப்பார்கள். அவன் பெஞ்சுப் பக்கம் நடந்துகொண்டே அடுத்த கணக்கைச் சொல்லுங்கள். அவன் நோட்டில் விரல் வைத்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, "இந்தக் கணக்கைப் போடு. மணி அடிச்சதும் ரெண்டு நிமிஷம் இரு, பேசணும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அங்கேயே நின்று அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் நண்பர்கள் முன்னால் விட்டுக்கொடுக்க முடியாமல் எதிர்த்துப் பேசுவான்.

மணி அடித்ததும் சொன்னபடி நிறுத்துங்கள். மறந்துவிடக் கூடாது. "ஏன் எறிஞ்ச?" என்று தொடங்காதீர்கள், "சும்மா சார்" என்பதுதான் பதிலாக இருக்கும். "என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். "அது யார் கண்ணுலயாவது பட்டிருந்தா?" என்று கேளுங்கள். கீழே கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கி வைக்கச் சொல்லுங்கள்; அது அவன் செய்ததற்கு நேரான ஈடு. அடுத்த நாள் காலையில் அவனிடம் வழக்கம்போலப் பேசுங்கள். நேற்றைய கணக்கு நேற்றோடு முடிந்தது என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

12. செய்ய முடியாததைச் சொல்லி மிரட்டாதீர்கள். "டி.சி. கொடுத்து அனுப்பிடுவேன்" என்பீர்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கச் சட்டத்தில் இடமில்லை. இரண்டாவது தடவை சொல்லும்போது அது நடக்காது என்று பிள்ளைக்கும் தெரிந்துவிடும். அதேபோல் எதற்கெடுத்தாலும் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பாதீர்கள். உங்களால் முடியவில்லை என்று வகுப்புக்கு நீங்களே சொல்வதாக ஆகும்.

13. தினமும் தொல்லை கொடுக்கும் பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லா வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். ஒரு வாரம் அவனைக் கவனித்துக் குறித்து வையுங்கள்: எந்தப் பீரியட், என்ன நேரம், அதற்கு முன்னால் என்ன நடந்தது. காலை முதல் பீரியடில் மட்டும் எரிந்து விழுகிறான் என்றால் சாப்பிட்டானா என்று கேளுங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரைக்கானது. அதே வளாகத்தில் தம்பி தங்கைகள் சாப்பிட, ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்ட அண்ணன் வெறும் வயிற்றோடு மதியச் சத்துணவுவரை காத்திருப்பான். போர்டைப் பார்த்து எழுதாமல் பக்கத்து நோட்டையே பார்க்கிறவளுக்குக் கண் பரிசோதனை தேவையாக இருக்கலாம். அடிக்கடி வெளியே போகக் கேட்கும் பெண்பிள்ளையிடம் காரணம் கேட்டு வகுப்பு முன் நிற்க வைக்காதீர்கள், விட்டுவிடுங்கள்.

வாசிக்கச் சொல்லும் பாடங்களில் மட்டும் கலாட்டா செய்கிறான் என்றால், அவனுக்கு வாசிக்க வரவில்லை. இதை நான் எத்தனையோ வகுப்புகளில் பார்த்திருக்கிறேன். ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பான். கொம்பும் காலும் போட்ட எழுத்தைச் சேர்த்துப் படிக்க வராது. தன் முறை வருவதற்குள் ஏதாவது செய்து வெளியே அனுப்பப்பட்டால் தப்பித்தான். ‘மக்கு’ என்று தெரிவதைவிட ‘ரௌடி’ என்று பெயர் எடுப்பது அவனுக்கு மேல். அவனை வெளியே அனுப்பினால் அவன் கேட்டதையே கொடுத்தவர் ஆவீர்கள். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துக் கற்பிக்கிறோம். அந்த அரும்பு நிலை வேலைகளை ஏழாம் வகுப்புப் பையனுக்கும் கொடுக்கலாம், ஆனால் மற்றவர் கண்ணில் படாமல். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம், சின்னப் பிள்ளைகள் புத்தகமாக இல்லாமல், அவனுக்குப் பிடித்த கிரிக்கெட் செய்தியோ சினிமா போஸ்டரோ வைத்து எழுத்துக்கூட்டப் பழக்குங்கள். நாளை வகுப்பில் வாசிக்கப்போகும் நான்கு வரியை இன்றே அவனோடு படித்துப் பார்த்துவிட்டு, நாளை அந்த நான்கு வரியை அவனிடமே கேளுங்கள். தமிழ்ப் பீரியடில் கலாட்டா எப்போது குறையத் தொடங்குகிறது என்று உங்கள் குறிப்பில் நீங்களே பார்ப்பீர்கள்.

சில பிள்ளைகளின் கோபத்துக்குக் காரணம் வீட்டில் நடக்கும் வன்முறையாக, நீங்கள் ஒருவராகத் தீர்க்க முடியாததாக இருக்கும். உடலில் காயம், திடீரென்று பேச்சு நின்றுபோவது, யாரையோ கண்டால் நடுங்குவது இவற்றைக் கண்டால் வகுப்பு நிர்வாகமாக நினைக்காதீர்கள். தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 இரண்டும் வகுப்புச் சுவரில் எழுதப்பட்டிருக்கட்டும்.

14. ஈராசிரியர் பள்ளிக்குப் போகிறவர்களுக்கு. ஒரே அறையில் மூன்று வகுப்பு உட்கார்ந்திருக்கும். ஒரு வகுப்புக்கு நீங்கள் பாடம் சொல்லும்போது மற்ற இரண்டும் தாமாக வேலை செய்தாக வேண்டும். உங்கள் திட்டமே அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் அட்டைகளும் ஏணிப்படியும் இருந்தன. அடுத்து என்ன செய்வது என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளும். சுவரில் பிள்ளைகள் உயரத்துக்குப் போட்ட கீழ்மட்டக் கரும்பலகைகள் இன்னும் பல பள்ளிகளில் இருக்கின்றன. பீரோவுக்குப் பின்னால் மறைந்து கிடந்தால் பீரோவை நகர்த்துங்கள். ஆளுக்கு ஒரு கட்டம் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னால், நீங்கள் நின்ற இடத்திலிருந்தே யார் எங்கே தடுமாறுகிறார் என்று தெரியும். சந்தேகம் வந்தால் முதலில் பக்கத்தில் இருப்பவரிடமும் பிறகு மேல் வகுப்பு அண்ணன் அக்காவிடமும் கேட்கலாம், கடைசியாகத்தான் உங்களிடம் வர வேண்டும் என்று பழக்குங்கள்.

15. "குட்", "வெரிகுட்" என்று எல்லாவற்றுக்கும் சொல்லாதீர்கள். "நேத்து விட்டுப்போன கணக்கை நீயே திரும்பப் போட்டிருக்கியே" என்று செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். கூச்சப்படும் பிள்ளைக்கு நோட்டில் எழுதிக் கொடுத்தால் போதும்.

16. பெற்றோரிடம் முதல் பேச்சு நல்ல செய்தியாக இருக்கட்டும். பள்ளியிலிருந்து போன் வந்தாலே "என்ன பண்ணினான்?" என்று பதறுகிறார்கள். ஜூன் முடிவதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால், அக்டோபரில் ஒரு குறை சொல்ல நேர்ந்தாலும் காது கொடுத்துக் கேட்பார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், நான்கு பேர் முன்னால், ஒரு தாயிடம் அவர் பிள்ளையின் குறையைச் சொல்லாதீர்கள். கூலி வேலையை விட்டுவிட்டு வந்திருப்பார்.

17. சாப்பாட்டுக்குப் பின் முதல் பீரியட், வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், தீபாவளிக்கு முந்தின நாள், மழை வந்து வெளியே விட முடியாத நாள். அன்றைக்கெல்லாம் நீண்ட விளக்கம் வேண்டாம். எழுந்து நின்று செய்யும் வேலை, இருவர் இருவராகப் பேசும் வேலை, கதை வைத்துக்கொள்ளுங்கள். பி.டி. பீரியடைப் பிடுங்கிக் கணக்கு நடத்தாதீர்கள். ஓடாத கால்கள் அடுத்த பீரியடில் பெஞ்சுக்கடியில் உதைத்துக்கொண்டிருக்கும்.

18. நாற்பது பக்க நோட்டு ஒன்று உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஒரு பக்கம். எந்த நேரம் நன்றாகப் படிக்கிறாள், யார் பக்கத்தில் இருந்தால் வேலை நடக்கிறது, எந்த வார்த்தைக்குச் சுருங்கிப்போகிறாள், வீட்டில் யாரிடம் பேசினால் பலன் என்று எழுதி வாருங்கள். மாதம் ஒரு முறை சக ஆசிரியர் ஒருவரைக் கடைசி பெஞ்சில் உட்காரச் சொல்லி, நீங்கள் யார் யாரைக் கேள்வி கேட்டீர்கள் என்று மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். உங்கள் கண் போகாத மூலை எது என்று அதில் தெரியும். அந்த மூலைப் பிள்ளைகளின் பக்கம் நோட்டில் காலியாகத்தான் இருக்கும். மறுநாளிலிருந்து அங்கே தொடங்குங்கள்.

ஆண்டு முடிந்து வகுப்பை அடுத்த ஆசிரியரிடம் ஒப்படைக்கும்போது, "அவன் சரிப்பட மாட்டான், பார்த்துக்குங்க" என்று சொல்லி அனுப்பாதீர்கள். எது உதவியது என்பதை மட்டும் சொல்லுங்கள். முன் பெஞ்சில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்தால் போர்டு தெரிகிறது, வாசிக்கும் வரியை முந்தின நாளே காட்டினால் வாசிக்கிறான், அப்பா வெளியூரில் இருக்கிறார், பாட்டியிடம் பேசுங்கள். ஒரு பிள்ளைக்கு நான்கு வரி எழுதிக் கொடுத்தால் புது ஆசிரியருக்கு ஜூன் மாதம் முழுவதும் மிச்சம்.